எண்பத்து நான்கு சன்னல்களும் இரண்டு முழங்கால்களும்

அந்தப் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு தானாக மூச்சு விடும். வாசலில் பித்தளைப் பலகையில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. நடுவில் கிணறு மாதிரி ஒரு காற்றுக்கூடம், அதைச் சுற்றிப் படிக்கட்டு, தளத்துக்கு ஏழு சன்னல். சாயங்காலம் சன்னல்கள் திறந்தால் குளிர்ந்த காற்று கீழே புகுந்து, பகலெல்லாம் சேர்ந்த சூட்டை மேலே தள்ளிவிடும். காலையில் மூடினால் குளிர்ச்சி உள்ளேயே தங்கும். ஒரு வீட்டிலும் ஏசி கிடையாது. உலகத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் நாற்பத்தெட்டுக் குடும்பங்கள் கால் நீட்டித் தூங்கின.

சன்னல்கள் எப்படித் திறக்கும் என்ற விவரம் பலகையில் இல்லை. அந்த விவரம் தரைத்தளத்தில், குப்பை பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்து ஒற்றை அறையில், மனைவியோடு குடியிருந்தது. வயது ஐம்பத்தேழு. சன்னல்காரர் என்று கூப்பிடுவார்கள்.

முதல் வரைபடத்தில் ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு மோட்டார் இருந்ததாம். மோட்டார் மின்சாரம் தின்னும். தின்றால் பசுமைச் சான்றிதழில் புள்ளி குறையும். ஆகவே மோட்டாரை அழித்துவிட்டு ஓர் இரும்புக் கைப்பிடியை வரைந்தார்கள். கைப்பிடி தானாகச் சுற்றாது என்பது கட்டி முடித்து, பலகையும் மாட்டிய பிறகுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. ஷட்டர் கம்பெனி மூடி, வேலையில்லாமல் இருந்த இவரை, "ஒரே ஒரு மாசம்தான்யா" என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு மாதம் பதினோரு வருடமாக நடந்துகொண்டிருந்தது.

லிஃப்ட் உண்டு. வேலையாட்கள் அதில் ஏறினால் மீட்டரும் கூடவே ஏறும் என்பதால் குடியிருப்போர் சங்கம் தடை போட்டிருந்தது. சோறு தின்ற மனிதன் படியேறினால் எந்த மீட்டரும் ஓடாது. இதைவிடச் சுத்தமான எரிசக்தி உண்டா?

இந்த வருடம் அவருடைய முழங்கால்கள் பேச ஆரம்பித்தன. மூன்றாவது மாடியில் முணுமுணுப்பு, ஆறாவதில் புலம்பல், ஒன்பதுக்கு மேல் கெட்ட வார்த்தை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் அடுத்த வருடம் கழிப்பறைக்குப் போகவே கோல் வேண்டும் என்றார். சன்னல்காரர் சங்கத் தலைவரிடம் போய் நின்றார்.

"மோட்டார் போட்டுக் குடுங்க சார். முடியல."

"பசுமை ஆய்வு முடியட்டும்யா. இப்பப் பேச்செடுத்தா அஞ்சு நட்சத்திரம் நாலாயிடும்."

"போன ஆய்வுக்கும் இதையேதான் சார் சொன்னீங்க."

"அப்ப ஒண்ணு, இப்ப ஒண்ணு பேசுற ஆளா நான்?"

ராத்திரி அறையில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வெந்நீர்த் துணியைப் பிழிந்தாள். "தானாத் திறக்குதுன்னுதானே எழுதி வெச்சிருக்காங்க? ஆய்வு அன்னைக்குத் திறக்கட்டும். நீங்க ஒண்ணையும் தொடாதீங்க."

"வேலை போயிடுச்சுன்னா?"

"முட்டி போயிட்டா மட்டும் எந்த வேலைக்குப் போவீங்களாம்?"

ஆய்வு நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆய்வாளர் அம்மா வெப்பமானியோடு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்தார். கோட்டு போட்ட தலைவர் பக்கத்தில். சிக்கனத்தைக் காட்ட லிஃப்ட்டை அன்று அவரே அணைத்து வைத்திருந்தார்.

"அஞ்சரைக்குத் திறந்துடும் மேடம். யாரும் தொடவே வேண்டாம்."

ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. வெப்பமானியில் முப்பத்து மூன்று முப்பத்து நான்காக ஏறியது. தலைவரின் புருவமும் ஏறியது. சன்னல்காரர் முக்காலியில் உட்கார்ந்து, எல்லோரையும் போலச் சன்னலையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "போய்த் திறயேன்யா!"

"நான் திறந்தா தானாத் திறக்குற மாதிரி இருக்காதே சார்."

"விளையாடாதே."

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டா சார்?"

தலைவர், மாடியில் ஒரு போன் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறினார். சற்று நேரத்தில் முதல் தளத்தில் 'கிரீச்' என்றது. அப்புறம் இரண்டாம் தளத்தில். ஆய்வாளர் அண்ணாந்து பார்த்தார்.

"ஒண்ணொண்ணாத்தான் திறக்குமா?"

"பெருமூச்சு பாருங்க, மெதுவாத்தான் வரும்" என்றார் சன்னல்காரர்.

நான்காவது தளத்திலிருந்து பலத்த இருமல் கேட்டது.

"இருமவும் செய்யுதே?"

"தூசிங்க."

ஆறாவது தளத்தோடு சத்தம் நின்றுவிட்டது. கால் மணி நேரம் கழித்துத் தலைவர் கைப்பிடிச் சுவரைத் தழுவியபடி இறங்கி வந்தார். கோட்டு தோளில், ஒரு செருப்பு கையில். கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வாளர் அவரை விட்டுவிட்டுச் சன்னல்காரரிடம் திரும்பினார். "தினமும் யாரு?"

"நான்தாங்க. எண்பத்து நாலு. சாயங்காலம் ஒருதரம், காலையில ஒருதரம்."

எழுதிக்கொண்டார். நாலு நட்சத்திரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வசவுக்காகச் சன்னல்காரர் காத்திருந்தார். தலைவர் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். தலை நிமிராமல், "இனிமே லிஃப்ட்லயே போய்யா. ஏறும்போது மட்டும்" என்றார்.

"எறங்குறதுதான் சார் உயிர் போகுது."

தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கி மறுபடி உட்கார்ந்தார். "சரி. எறங்கும்போதும்."

மேலே ஆறு மாடிக் குடித்தனங்கள் வெந்துகொண்டிருந்தன. சன்னல்காரர் லிஃப்ட்டைப் போட்டு ஏழாவது தளத்துக்குப் போனார். தளத்துக்குத் தளம் நிறுத்தி, மீதி நாற்பத்திரண்டு கைப்பிடிகளையும் சுற்றினார். இப்போது தோள்பட்டை பேச ஆரம்பித்தது.

அறைக்குத் திரும்பியதும் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "வேலை போகலல்ல?"

"போகல. லிஃப்ட்ல போகச் சொல்லிட்டாங்க. ஏறவும் எறங்கவும்."

"அட! மோட்டாரு?"

சன்னல்காரர் பாயில் உட்கார்ந்து ஒரு காலை நீட்டினார். பிறகு இன்னொரு காலைக் கையால் எடுத்து வைத்தார்.

"கேக்க மறந்துட்டேன்."

அவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அவர் சுவரில் சாய்ந்தபடியே தூங்கியிருந்தார்.