கல்லில் எழுதிய எண்

நிலாவிலிருந்து கொண்டுவந்த கற்களை ஆராய்கிறவள் என் மகள். வெளிநாட்டில் வேலை. இதை வெளியே சொன்னால் இரண்டு வகைப் பேச்சுதான் வரும். ஒன்று, நிஜமாகவே அங்கே போனார்களா என்ற சந்தேகம். மற்றது, மாப்பிள்ளை பார்த்தாயிற்றா என்ற விசாரணை. இரண்டுக்கும் முகத்தை அசைக்காமல் நிற்க முப்பத்தைந்து வருட நீதிமன்ற வேலை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

நான் சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். வழக்கில் சிக்கிய அரிவாள், கறைபட்ட வேட்டி, உடைந்த பூட்டு எல்லாவற்றுக்கும் எண் போட்டு, சீல் வைத்து, கேட்ட அன்று நீதிபதி முன் எடுத்து வைப்பது என் பொறுப்பில் இருந்தது. ஆகவே மகளின் வேலையில் எனக்கு முதலில் பிடித்தது நிலா அல்ல, அந்தக் கற்களுக்குப் போடும் எண். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண், அதன்பின் ஒரு கமா. சில்லு எடுக்காத மூலக்கல்லுக்குக் கமாவுக்குப் பின்னால் சுழியம். பெயர்க்கப் பெயர்க்க ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு புது எண். ஒரு நெல் அளவுச் சில்லு எந்த நாட்டில், எந்த மேசையில், யார் கையெழுத்தில் இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்லிவிடுவார்கள். எங்கள் சாட்சிப்பொருள் அறையில் ஒரு முழு சைக்கிளைத் தேட அரை நாள் ஆனதுண்டு.

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்த என் மனைவிக்கு எண்ணில் அக்கறை கிடையாது. ஞாயிறு காலையில் மகள் வீடியோவில் வந்ததும், "அந்தக் கல்லு இந்த வாரம் என்னட்டி சொல்லுது?" என்றுதான் தொடங்குவாள், பக்கத்து வீட்டுக்காரியை விசாரிப்பது போல. மகளும் பொறுமையாகச் சொல்வாள். நிலா பிறந்த புதிதில் கொதிக்கிற கல்குழம்பாக இருந்தது. ஆற ஆறக் கனமானது அடியில் தங்கியது. எடை குறைந்த வெளிறிய கல் மேலே மிதந்து வந்து உறைந்தது. நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற இடமெல்லாம் அதுதான். "பாலேடுன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றாள் மனைவி. மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள். அதற்கப்புறம் தன் வகுப்பில் பாலைக் காய்ச்சித்தான் பாடம் எடுக்கிறாள் என்று கேள்வி.

இன்னொரு ஞாயிறு, பூமியின் கல்லிலும் நிலாவின் கல்லிலும் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒரே கைரேகையாக இருப்பதைச் சொன்னாள். ஏதோ ஒரு பெரிய உருண்டை வந்து பூமியில் மோதி, தெறித்தது எல்லாம் திரண்டுதான் நிலா ஆனது என்று பலரும் நம்புவதற்கு அதுவும் ஒரு சாட்சியமாம். மோதிய பொருளை ஆஜர்படுத்த முடியுமா என்று கேட்டேன். முடியாது, கலந்துபோய்விட்டது என்றாள். நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கு என்று நான் குறை சொல்லிக்கொண்டிருக்க, "அப்போ அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளதான்" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு மனைவி வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது, மகளுக்கு ஒரு நிலாச் சில்லு ஒதுக்கீடாகி வந்திருந்தது. விண்ணப்பித்து நெடுநாள் காத்திருந்து கிடைத்தது. அதை அளந்து முடிக்கக் கருவியில் நாளும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். "அவ கல்ல முடிக்கட்டும். பெறகு சொல்லுங்க" என்றாள் மனைவி. டாக்டர் மூன்று மாதம் என்றிருந்தார். மகளின் வேலை முடிய ஏழு வாரம். காலண்டரைப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. சேதி சொல்ல ஒரு திங்கட்கிழமையையும் குறித்து வைத்தேன். அதுவரை ஞாயிறுதோறும் மனைவி தலை வாரிப் பொட்டு வைத்து, தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து பேசினாள். இளைத்திருக்கிறாளே என்று மகள் கேட்டபோது, சர்க்கரை என்று பின்னாலிருந்து நான் சொன்னேன். பொய்ச்சாட்சிகளைப் பார்த்தே தலை நரைத்தவனுக்கு அது சிரமமாக இல்லை.

ஐந்தாவது வாரம் மனைவி போய்விட்டாள். நான் வாங்கி வைத்த வாய்தா மட்டும் காலண்டரில் பத்திரமாக இருந்தது.

அங்கே பனிப்புயல். விமானங்கள் கிளம்பவில்லை. ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தோம், அதற்கு மேல் முடியவில்லை. தகனத்துக்கு மறுநாள் சாயங்காலம்தான் மகள் வந்து சேர்ந்தாள். சித்திமார் தோளில் சாய்ந்து அழுதாள். என்னிடம், காப்பி வேண்டுமா, மாத்திரை போட்டீர்களா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காமலே ஊருக்குத் திரும்பிவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

சாம்பலைக் கரைக்கும் அன்று தாமிரபரணியிலிருந்து கையளவு கல் ஒன்றை எடுத்துக் கரை மணலில் ஊன்றுவது எங்கள் வீட்டு வழக்கம். போனவர் அதில் இருப்பதாக நம்பிக்கை. பதினாறாம் நாள் வரை தினமும் எள்ளும் தண்ணீரும் விட்டு, அன்று கல்லைப் பெயர்த்து ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். மகன் இல்லாததால் எல்லாம் நான்தான் செய்தேன். மகள் தினமும் என்னோடு ஆட்டோவில் வந்து, மேல்படியில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

பதினாறாம் நாள், காரியம் செய்து வைக்கிறவர் மணலைக் கிளறிக் கல்லை எடுத்தார். தண்ணீரில் அலசியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, அடியில ஏதோ எழுதிக் கிடக்கு?"

எழுதியவன் நான்தான். ஊன்றிய அன்றே, மார்க்கர் பேனாவால். அதே படித்துறையில் இன்னும் நாலு வீட்டுக் கற்கள் இருந்தன. எல்லாம் ஒரே ஆற்றில் உருண்டவை, ஒன்றுபோல இருந்தன. மாறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்துவிட்டேன். அதை அவரிடம் சொன்னேன்.

"போனவுகளுக்குத் தன் கல்லு தெரியாதாக்கும்? நம்பர் போடுததுக்கு இதென்ன ரேஷன் கடையா?" என்றார். துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மகள் படியிறங்கி வந்து கல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒன்று, ஒரு கமா, ஒரு சுழியம். கட்டைவிரலால் சுழியத்தைத் தடவினாள். அழித்துவிட்டுத்தான் விட வேண்டும் என்றார் அவர். தேய்த்துப் பார்த்தோம், மை போகவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று மகள் கல்லை என் கையில் வைத்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கல்லை விட்டேன். ஈர வேட்டியோடு படியேறினேன். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டோ பாலத்தைத் தாண்டும்போது அவளாகப் பேசினாள். நிலாவிலிருந்து வந்தவற்றில் சிலவற்றை அரை நூற்றாண்டு பிரிக்காமலே வைத்திருந்தார்கள், பின்னால் வருகிறவர்களிடம் இதைவிட நல்ல கருவி இருக்கும் என்று. அதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாளாம்.

"நீங்களும் மூடித்தான் வச்சீங்க. நான் வந்து தெறக்கும்போது உள்ள ஒண்ணுமே இல்லியேப்பா."

உன் அம்மா சொல்லித்தான் செய்தேன் என்ற வாதம் என் கைவசம் இருந்தது. உண்மையும் அதுதான். அதை எடுக்கவில்லை.

"தப்புதாம்மா" என்றேன். இந்த வார்த்தையை நான் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "அந்த அஞ்சு வாரத்தையும் சொல்லுங்க. ஒரு நாள் விடாம" என்றாள்.

சொன்னேன். ஸ்கேன் முடிவு வந்த திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் மனைவி பாளை மார்க்கெட்டில் இறங்கியே தீருவேன் என்று அடம்பிடித்து, கத்திரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் குளிக்காமல் முதலில் மகளின் பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்தது. அன்றைக்கு எந்தச் சேலை என்று மகள் கேட்டாள். பச்சை என்றேன். இல்லை, அரக்கு, பச்சை மறுநாள் என்று திருத்தினேன். சாப்பிட்டாளா, வலித்ததா, என்ன சொல்லிச் சிரித்தாள் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். தெரியாததைத் தெரியாது என்றேன்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே இலை போட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். மகளின் சித்தி வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுக்கும்படி மகள் கையைக் காட்டினாள். நாங்கள் செவ்வாய்க்கிழமை பாதியில் இருந்தோம்.