அண்ணனைத் திட்டிய இரண்டு நிமிடம்

பிச்சையா என்ற பேரைக் கேட்டாலே தெரியும், அவருக்கு முன்னால் பிறந்தது எதுவும் தங்கவில்லை என்று. இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்களின் லயத்து வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன், நாலாவதுக்குப் பிச்சையா என்று பேர் வைத்து எமன் கண்ணிலிருந்து ஒளித்து வைத்தார். அப்புறம் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலைக்குக் கீழே காப்பித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது குடும்பம். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பிள்ளையை அழகு என்று சொல்ல மாட்டார்கள். 'கருவாட்டு மூஞ்சி' என்பார்கள். அதுதான் அவர்களுக்குக் கொஞ்சல்.

அந்தப் பிச்சையாவுக்கும் ஞானம்மாவுக்கும் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் சுரேந்திரன், இளையவள் சுதாராணி.

சுதாராணி ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி இங்கிலீஷில் பேசச் சொன்னார்கள். இவள் எழுந்து நின்று, "எங்கப்பா மாதிரி மிளகு பறிக்க இந்த மலையில ஆள் கிடையாது, ஒத்த நாள் கூட மரத்துல இருந்து விழுந்தது இல்ல" என்று சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து பிச்சையா விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது. ஞானம்மா மகளை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. ஆனால் லைன் வீட்டுப் பொம்பளைகளுக்கு வாய் சும்மா இருக்குமா? "மக வாய் வச்சுட்டா" என்று முறத்தில் புடைத்துக்கொண்டே சொன்னார்கள். அது சுதாராணி காதில் விழுந்தது.

இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார் பிச்சையா. புண் வராமல் அவரைப் புரட்டிப் போட்டுப் புரட்டிப் போட்டே சுதாராணி நர்ஸ் வேலையைக் கற்றுக்கொண்டாள். பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்த சுரேந்திரன் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் ஒற்றை மூங்கில் ஏணியைத் தூக்கினான். தங்கச்சியை நர்ஸுக்குப் படிக்க வைத்தான். அவள் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷமாகியும் அவன் ஏணியை விடவில்லை.

"இறங்கித் தொலைண்ணே" என்று தினமும் சண்டை.

"நீ சீமைக்குப் போற அன்னைக்கு இறங்குறேன் புள்ள" என்றான். "அதுவரைக்கும் வாயைப் பொத்து."

போகத்தான் பார்த்தாள். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இங்கிலீஷ் பேசுகிற பரீட்சையில் ஒன்பதுக்கு ஏழு வாங்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தடவையும் ஆறரையில் நின்றுவிட்டது. மாசிக்குள் வாங்காவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

குடும்பத்தில் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னால் அப்பாவைச் சொல்வது என்று முடிவு பண்ணி வைத்திருந்தாள். செத்தவரை எந்தக் கண்ணு என்ன செய்யும்?

மாசி மாசம், மிளகுப் பறிப்பு நேரம். பரீட்சை அன்று வெள்ளனே பெருமாள்மலையில் பஸ் ஏற்றிவிட்டான் சுரேந்திரன். விடியற்காலம் தூறல் போட்டு ரோடெல்லாம் ஈரம்.

"மரம் வழுக்கும்ணே. இன்னைக்கு ஏறாத."

"எனக்குச் சோலி கெடக்கு. நீ போன தடவை மாதிரி வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு முழிக்காம வா, மூதேவி."

மதுரையில் பெரிய ஓட்டலில் பரீட்சை. செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கைரேகை எடுத்தார்கள். உள்ளே ஒரு மேஜை, பேச்சைப் பதிகிற கருவி, நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. சிரித்த முகம்தான். சொந்த ஊர், செய்யும் வேலை என்று கேட்டதற்கெல்லாம் சுதாராணி தடுமாறாமல் சொன்னாள். அப்புறம் அந்த அம்மா ஓர் அட்டையை நகர்த்தினார்.

உங்கள் வயதை ஒட்டிய, உங்களுக்கு மிகவும் பிரியமான குடும்பத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார், அவரை நினைத்து ஏன் பெருமைப்படுகிறீர்கள்?

யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம்.

பென்சிலை எடுத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. அப்பாவைச் சொல்ல வழியில்லை. வயதை ஒட்டியவன் ஒருவன்தான். மணி பதினொன்று, இந்நேரம் முப்பதடி உயரத்தில், ஈரக் கிளையில் காலை வைத்துக்கொண்டு, சாக்கில் மிளகைச் சரம் சரமாக உருவிப் போட்டுக்கொண்டிருப்பான். அவனை இங்கே உட்கார்ந்து புகழ்வதா? சொல்லாவிட்டால் ஏழு வராது, ஏழு வராவிட்டால் அவன் இறங்க மாட்டான். சொன்னால்? ஒன்பதாவது வகுப்பின் கைதட்டு காதுக்குள் கேட்டது.

"ஆரம்பிக்கலாம்" என்றார் அந்த அம்மா.

சுதாராணி வாயைத் திறந்தாள். திறந்ததும் வந்தது அவள் வீட்டுப் பேச்சு, இங்கிலீஷில்.

"எங்கண்ணன் சுரேந்திரன் ஒரு கழுதை. சொன்ன பேச்சு கேட்க மாட்டான். பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கிவிட்டு மரம் ஏறப் போன முட்டாள். பனிக்காலத்தில் சுவெட்டரை எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் நடுங்கிக்கொண்டு போவான், அறிவு கிடையாது. திருடனும் கூட. வீட்டில் கறி எடுத்தால் கறியை எங்கள் தட்டில் தள்ளிவிட்டு எலும்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். பெரிய பொய்க்காரன். நான் படித்த ஹாஸ்டலுக்கு அழுக்குச் சட்டையோடு சாமான் கொண்டு வருவான். என் கூட்டாளிகள் பார்சல்காரரா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். மூன்று வருஷம் அவர்களுக்குத் தெரியாது. அவன் மூஞ்சியும் சகிக்காது..."

நிற்கவே இல்லை. தேடவேண்டிய வார்த்தை ஒன்று கூட இல்லை. போதும் என்று அந்த அம்மா கை காட்டியபோதும் சுதாராணி திட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா அட்டையைத் திரும்பப் பார்த்தார். "நல்லதாக ஒன்றும் சொல்லவில்லையே. பெருமை என்றல்லவா கேட்டிருந்தது?"

"எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவர்களை இப்படித்தான் சொல்வோம்" என்றாள் சுதாராணி. "அவன் இப்போது மரத்தின் மேலே இருக்கிறான்."

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். "நீங்கள் வெளிநாடு போய்விட்டால் அவரை யார் திட்டுவார்கள்?"

கருவி ஓடிக்கொண்டிருந்தது. நேரம் போகப்போக மார்க்கும் போகிறது என்று சுதாராணிக்குத் தெரிந்தது. கடைசியில், "போனில் திட்டுவேன். தரையில் நின்று கேட்பான்" என்றாள்.

செல்போனைக் கையில் வாங்கியதும் அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மூன்று தடவை. பஸ் வத்தலக்குண்டு தாண்டி மலையேறுகிற வரைக்கும் செல்போனைக் கையை விட்டு இறக்கவில்லை. பாதி மலையில் அவனே கூப்பிட்டான். "என்ன புள்ள, சோறு திங்க விட மாட்டியா?" போனை வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது முடிவு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. யூனிபாரத்தைக் கூட மாற்றாமல் ஜீப் பிடித்துத் தோட்டத்துக்கு வந்தாள். சுரேந்திரன் மரத்தின் உச்சியில் இருந்தான்.

"என்னடி யூனிபாரத்தோட வந்திருக்க? முடிவு வந்துருச்சா?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏ புள்ள! போச்சா?"

நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் முகம் சுருங்கியது. பறிக்காத சரங்களை அப்படியே விட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தான். ஏணிக் கணுவில் கால் தேடித் தேடி வைத்தான். ஒரு தடவை மூங்கில் லேசாக ஆடியது. சுதாராணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"போனா போகுது, விடு. இன்னொரு தடவை எழுது. அதுக்கு ஏன் ஊமை மாதிரி நிக்கிற?" என்று பாதி ஏணியிலிருந்து சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அவன் இரண்டு காலும் மண்ணில் பட்ட பிறகுதான், "ஏழு" என்றாள்.