பெண்களுக்குத் தனி வாசல்

விருதுநகர் ரயில் பாதை வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சாரல் மாதங்களில் மட்டும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தென்காசி ஸ்டேஷனில் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். ஒரு வருஷம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கூடவே ஒரு காக்கிக் கோட்டும் விசிலும். கோட்டு எனக்கு முன்னால் இருந்த தடியருடையது; கையை மடித்துவிட்டுத்தான் போட முடியும். ஆனாலும் அதைப் போட்டதும் எனக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நாலு நாளில் நானும் நம்ப ஆரம்பித்தேன்.

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துணி மூட்டைகளோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வாசலில் முட்டிமோதினார்கள். அந்த நெரிசலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு பெண்களுக்குத் தனி வாசல் என்று நானே ஒரு ஏற்பாடு செய்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் கொல்லம் போகிற வண்டியும் விருதுநகர் போகிற வண்டியும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. வழக்கமாக முதல் பிளாட்பாரத்துக்கு வரும் விருதுநகர் வண்டி அன்று இரண்டாவதில் நின்றது. ஏன் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்போதுதான் ராஜபாளையம் பக்கத்துக்காரர் ஒருவர் தன் தங்கையோடு வாசலுக்கு வந்தார். அவளுக்கு முப்பது வயதிருக்கும், சித்தம் கலங்கியவள். அருவியில் நிறுத்தினால் தலைச்சூடு தணியும் என்று கூட்டி வந்திருக்கிறார். அவள் முந்தானையையும் தன் துண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்.

"முடிச்ச அவுத்துவிடுங்க அண்ணாச்சி. பொம்பளையாளுகளுக்கு அந்த வாசல்."

"ஐயா, இவளுக்குப் பேரு ஊரு சொல்லத் தெரியாது. என்கூடவே வரட்டும்."

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான். உள்ள போயி சேந்துக்கிடலாம்."

அவர் என் கோட்டைப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார்.

அடுத்த பத்து நிமிஷம் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. முதல் பிளாட்பாரத்து வண்டியில் ஏறியவர்கள் இறங்கி இரண்டாவதற்கு ஓடினார்கள். அங்கிருந்து இன்னொரு கூட்டம் இங்கே ஓடி வந்தது. நான் விசில் ஊதினேன். எதற்கு ஊதினேன் என்று தெரியாமல் மறுபடியும் ஊதினேன்.

விருதுநகர் வண்டி கூவியது. அண்ணன்காரர் என்னிடம் ஓடி வந்தார்.

"ஐயா, தங்கச்சியக் காணலியே! பொம்பளையாளுகள எந்த வண்டியில ஏத்துனீக?"

எனக்குத் தெரியாது. ஆனால் காக்கிக் கோட்டுக்குள் இருந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை.

"உங்க வண்டியிலதான். ஏறுங்க, ஏறுங்க!"

நகரும் வண்டியில் தொற்றி ஏறினார். பின்னாலேயே கொல்லம் வண்டியும் போயிற்று. பிளாட்பாரம் காலியானது. தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?" என்று கத்திவிட்டு, அடுத்த ஸ்டேஷனான கடையநல்லூருக்குத் தந்தி அடித்தார்.

அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தந்தி கிடைத்ததா, அவர் இறங்கினாரா, ஒன்றும் தெரியவில்லை. அவர் வராமல் போனால் இவளை எந்த ஊரில், யாரிடம் கொண்டுபோய் விடுவது? பேரைக் கேட்டேன். என் விசிலைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவள் நிதானமாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

பொழுது சாய்வதற்குள் அவர் பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டார். தங்கையின் தலையை, தோளை, கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்திரமாப் பாத்துக்கிட்டீகளே ஐயா," என்று கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வண்டிக்கு நாங்க எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று என்னிடமே கேட்டார்.



"தெரியல அண்ணாச்சி," என்றேன். "ரெண்டு பேரும் இங்கனயே சேந்து நில்லுங்க. நான் கேட்டுட்டு வாரேன்."