நூற்றிருபது இலைக்கு ஒரு கேக்

அன்று பள்ளிக்கூடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அப்பா வந்தார், அம்மா வந்தாள், அத்தை வந்தாள், பெட்டி ஆட்டோவில் ஒரு பித்தளை உருளியும் வந்தது. வராதவர் சித்தப்பா மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் கேக் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவர். கழக்கூட்டத்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அங்கே லீவு கிடையாது. வந்திருந்தால் அப்பாவை இதைச் செய்யவே விட்டிருக்க மாட்டார் என்பதால், அவர் வராததும் நல்லதாகவே போயிற்று.

அப்பா கல்யாணச் சமையல்காரர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, மலையாளம் பேசும் வலியசாலையில் வாடகைக்கு இருந்தோம். ஐந்நூறு பேருக்கான சாம்பாரில் உப்பு சரியா என்பதை, அண்டாவிலிருந்து வரும் ஆவியை முகர்ந்தே சொல்லிவிடுவார். பந்தி முடிந்து பார்த்தால் மிச்சம் ஒரு வாளிக்கு மேல் இருக்காது. ஆனால் அதே மனிதர் வீட்டில் நாலு பேருக்கு ரசம் வைத்தால் வாயில் வைக்க முடியாது. "அவன் நாலு பேருக்கு ரசம் வெச்சாம்னா, நானூறு பேருக்குள்ள உப்பும் அதுலதான் கெடக்கும்" என்பாள் அத்தை. அவருக்கு அக்கா என்பதால் அவளுக்கு அந்த உரிமை உண்டு. அதனால் வீட்டுச் சமையல் முழுக்க அம்மாவிடம்தான். அம்மா கைக்கு ஆவியில் வேகும் எதுவும் படியும். அடுப்புக்கு முன்னால் அப்பா வந்து நின்றாலே கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனது நான். தினமும் அப்பா என்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒரு வாகை மரத்தடியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். கேட்டைத் தாண்டி அவர் வந்ததே இல்லை. பெற்றோர் கூட்டம் என்றால் அம்மா போய்க் கையெழுத்துப் போடுவாள். "உள்ளே வந்தா டீச்சர் இங்கிலீஷ்ல என்னமாம் கேப்பாவ. நான் முழிப்பேன், உனக்கு எதுக்கு அந்த நாணக்கேடு" என்று ஒருமுறை சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆறாம் வகுப்பில், தை மாதத்தில், வீட்டில் செய்த கேக்குக்கு ஒரு போட்டி வைத்தார்கள். கடையில் வாங்கக் கூடாது, ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ கேக், பெற்றோர் விரும்பினால் வரலாம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஓவன் இருந்தது. யார் யார் செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டதும் நான் எழுந்து, என் அப்பா சமையல்காரர் என்றேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "அப்போ ஒந்நாம் சம்மானம் நமக்குத் தன்னே" என்று வகுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டார். முதல் பரிசு நமக்கே என்று வகுப்பு முழுக்கக் கை தட்டியது. அந்தக் கைதட்டலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா முதலில் கேட்டது, "எத்தனை இலை?" கல்யாண வேலைக்கு யார் கூப்பிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஒரு இலை என்றால் சாப்பிடும் ஆள் ஒருவர். இலைக் கணக்குத் தெரிந்துவிட்டால் அரிசி, பருப்பு, புளி எல்லாம் அவர் வாயிலிருந்து தானாக வரும். ஒரு கிலோ என்று நான் சொன்னதும் அவருக்கு ஒன்றும் வரவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், ஒரு கிலோவுக்கு எத்தனை இலை என்று அத்தையிடம் கேட்டார். அத்தை, "எனக்கு ஒரு இலைதான்" என்றாள்.

குக்கரில் மணலைப் பரப்பி, அதற்குள் பாத்திரத்தை வைத்துச் செய்யலாம் என்று அம்மா யாரிடமோ விசாரித்து வந்தாள். முட்டை எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை. அதற்குப் பதில் தயிரும் சோடா உப்பும். அப்பா பழக்கதோஷத்தில் சோடா உப்பைக் கையால் அள்ளிப் போட்டுவிட்டார். முதல் கேக் எழும்பி, மூடியை முட்டி, ஒரு பெருமூச்சோடு அமுங்கியது. வீடெல்லாம் சோப்பு வாசனை. இரண்டாவதற்கு அம்மா தேக்கரண்டியை அவர் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் பயந்து பயந்து குறைத்துப் போட்டதில், அது போட்ட இடத்திலேயே கிடந்தது.

"வாசல்ல போட்டா கால் தேய்ச்சுட்டு வரலாம்" என்றாள் அம்மா.

"வெறும் வயித்துல பேசாதே. ஒரு துண்டு தின்னுட்டுப் பேசு" என்றார் அப்பா.

"தின்னுட்டா பின்னே பேச முடியாதுல்லா."

அத்தை மட்டும் ஒரு துண்டை எடுத்து வெகுநேரம் மென்றாள்.

போட்டிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமை வகுப்பில் போய் எந்த முகத்தோடு உட்காருவது? அம்மா, பேசாமல் கொழுக்கட்டை செய்து தருகிறேன் என்றாள். அப்பா கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தார். சற்று நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"மக்கா, உன் பள்ளிக்கூடத்துல மொத்தம் எத்தனை இலை இருக்கும்?"

அன்று வரப்போவது அஞ்சு, ஆறு, ஏழு வகுப்புப் பிள்ளைகள். டீச்சர்களையும் சேர்த்து விரல் விட்டு எண்ணி, நூற்றிருபது வரும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அடுத்த மூச்சில், மைதா இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, பழுத்த பாளையங்கோடன் பழம் இத்தனை சீப்பு, தயிர், நெய், முந்திரி, ஏலம், சுக்கு என்று எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தார். சோடா உப்பின் அளவையும் சொன்னார். கேக் செய்யத் தெரியாது என்று இரண்டு நாளாகத் தவித்த மனிதரா இவர் என்று இருந்தது. அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து, "விடு, இனி அவன் வழிக்கு வந்துருவான்" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கொல்லையில் அடுப்புக் கல் கூட்டினார். வாய் அகன்ற உருளிக்குள் வாட்டிய வாழையிலைகளைப் பரப்பி, அதன் மேல் மாவை ஊற்றினார். அடியில் தேங்காய்ச் சிரட்டைக் கனல். மூடி மேலேயும் சிரட்டைக் கனல். பிறகு அவர் மூடியைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் குந்தியிருந்து, கனலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுவதும் அந்தப் பக்கம் தள்ளுவதுமாக இருந்தார். மணம் கிளம்பியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, கல்யாணம் யாருக்கு என்று கேட்டார்கள். கடைசியில் ஓர் ஈர்க்கைக் குத்தி எடுத்துப் பார்த்தார். மாவு ஒட்டவில்லை. அதை என்னிடம் காட்டினார். அவ்வளவுதான்.

பெட்டி ஆட்டோ பள்ளிக்கூட வாசலில் நின்றதும் காவல்காரர் வந்து உருளியைப் பார்த்தார், அப்பாவின் வேட்டியையும் தோள் துண்டையும் பார்த்தார், கேட்டரிங் என்றால் பின்வாசல் வழியாகப் போகவேண்டும் என்றார். அப்பா உடனே ஆட்டோக்காரரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். நான் கீழே குதித்து, "சேட்டா, இது என்றெ அச்சன்" என்று, அவர் என் அப்பா என்பதை மலையாளத்தில் சொன்னேன். காவல்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முன்கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தார். ஒரு கதவைத் திறந்தால் உருளி நுழையாது.

ஹாலில் நீளமான மேஜை மேல் வெள்ளை, ரோஸ், சாக்லேட் என்று அழகழகான கேக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தொப்பி அளவு. நடுவில் உருளி வந்து இறங்கியதும் டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதெந்தா, கல்யாணமாணோ?"

"ஒரு கேக்காணு டீச்சரே" என்றார் அப்பா.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் இலை விரித்தோம். அப்பா ஒரு பக்கம், ஆட்டோக்காரர் ஒரு பக்கம். உருளியைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும். கேக் பிய்ந்து வந்தால் எல்லாம் முடிந்தது. கவிழ்த்தார்கள். அப்பா உருளியின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, மெல்லத் தூக்கினார். வட்டம் சிதையாமல் வண்டிச் சக்கரம் போல இறங்கியிருந்தது. வாழையிலையை உரித்தபோது அதன் நரம்புக் கோடுகள் அத்தனையும் பொன்நிறத்தில் கேக்கின் மேல் பதிந்திருந்தன. யாரோ ஒரு பையனின் அம்மா போன் எடுத்துப் போட்டோ பிடித்தார்.

அதற்குப் பிறகு ஹால் அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. தட்டோடு முண்டியடித்து வந்த பிள்ளைகளைத் தடுத்து, நேராக வரிசையில் தரையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஓர் இலைத் துண்டு. வரிசையின் தலைப்பிலிருந்து இலையில் கேக்கை வைத்து விளம்பிக்கொண்டே போனார். பின்னாலேயே அத்தை, "இன்னும் கொஞ்சம் போடட்டா மக்கா" என்று கேட்டுக்கொண்டே போனாள். அழகழகான கேக்குகளைச் செய்த வீடுகளின் பிள்ளைகளும் பந்தியில்தான் இருந்தார்கள். தலைமை ஆசிரியை ஒரு துண்டு தின்று, கண்ணை மூடி, இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். அப்பாவிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, சுக்கு எவ்வளவு சேர்த்தீர்கள் என்பது. அப்பா முழிக்கவில்லை.

பரிசு எங்களுக்கு இல்லை. ஒரு கிலோவுக்கு மேற்பட்டதைப் போட்டியில் சேர்க்க விதி இடம் தரவில்லை என்று டீச்சர் வருத்தத்தோடு வந்து சொன்னார். அப்பா உருளியைக் கையால் துடைத்துக் காட்டி, "சட்டி காலியாச்சுல்லா டீச்சரே" என்றார். திங்கட்கிழமை வகுப்பில் எனக்குக் கிடைத்த மரியாதையை முதல் பரிசு வாங்கிய பையன் இரண்டு வாரம் பார்த்துப் பொறாமைப்பட்டான்.

அப்பாவின் கை சின்ன அளவுக்குப் படியாததால்தான் இவ்வளவும் நடந்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். கழக்கூட்டத்தில் வேலை கிடைத்து, தனியாக வீடு எடுத்து, ஒரே ஓர் இலைக்குச் சமைக்கத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன். ஒரு கிலோ கேக் சரியாக வந்திருந்தால் அதை டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், அல்லது அம்மா பிடித்துக்கொண்டு வந்திருப்பாள். உருளியை அப்படி அனுப்ப முடியாது. அதை இறக்கவும் கவிழ்க்கவும் விளம்பவும் அவரே உள்ளே வந்தாக வேண்டும்.

தை மாத முகூர்த்த நாளில் அவர் வீட்டில் இருந்ததே அதிசயம் என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்கு என்ன செலவாயிற்று என்று போன மாதம் அம்மாவிடம் கேட்டேன். பால்காரர் கணக்கைச் சொல்வது போலச் சொன்னாள்: சாமான் ஆயிரத்து முந்நூற்றைம்பது, உருளி வாடகை இருநூறு, பெட்டி ஆட்டோ போகவர நானூறு, அன்றைக்கு விட்ட கல்யாணத்தின் கூலி ஆயிரத்து இருநூறு. ஆக மொத்தம் மூவாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.