என் ஐயாவே பொதுச்சபை

எனக்குக் கலியாணம் பேசி வந்தவர்கள் பெண் எப்படி என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் ஒழுங்கை எப்படி என்று கேட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் மலாயாவில் ரெயில்வேயில் இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர். வந்த கையோடு ஒரு மோட்டார்க் காரும் வாங்கிவிட்டார். காரை வாங்கியபின் அதை எங்கே கொண்டுபோவது என்பது அவருக்குப் பெரிய யோசனையாகிவிட்டது. கோயிலுக்குக் கொண்டுபோனார், சந்தைக்குக் கொண்டுபோனார், சுகமாயிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார். மருமகனின் கலியாணம் வந்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. காணி, நகை எல்லாம் ஒரு பேச்சில் முடிந்துவிட்டன. "கார் பொம்பிளை வீட்டு வாசல் படலையடிக்கு வரவேணும். அது ஒண்டுதான் எங்கடை கேள்வி. வராட்டில் இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது" என்றார். கார் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே பகல் முகூர்த்தமும் வைக்கச் சொன்னார்.

எங்கள் ஒழுங்கையில் ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி வரும். அதுவும் இரண்டு பக்கத்து வேலியையும் உரஞ்சிக்கொண்டுதான் வரும். கார் வருமா என்று ஒருவருக்கும் தெரியாது.

எனக்குப் பயமாயிருந்தது. மாப்பிள்ளையை நான் தேர்த்திருவிழாவில் கண்டிருந்தேன். வடம் பிடித்த ஆண்கள் எல்லாரும் நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் இழுப்பதுபோலப் பாசாங்கு செய்துகொண்டு தனக்குள் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒரு ஒழுங்கைக்காக அவரை இழக்க நான் ஆயத்தமாயில்லை.

இந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் முன்னேற்றச் சங்கம் இந்தக் காரியத்தைக் கையில் எடுத்தது. அதைக் கேட்டதும் என் பயம் இரட்டித்தது.

சங்கத்தைத் தொடங்கியவர் கொழும்பில் ஒரு கந்தோரில் இருந்து பென்சன் எடுத்த பெரியவர். தலைவர் பதவியை அவர் கொழும்பிலிருந்தே கொண்டுவந்திருக்க வேண்டும். தொடக்கக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மற்றப் பதவிகளுக்குத்தான் இழுபறி. ஒருவர் மனமும் நோகக்கூடாது என்று கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார்கள். உபதலைவர்கள் ஒரு வாங்குப் பலகை நிறைய இருந்தார்கள். செயலாளருக்கு ஓர் உதவிச் செயலாளர், அந்த உதவிக்கு இன்னோர் உதவி. போஷகர்கள். கணக்குப் பரிசோதகர் ஒருவர். சங்கத்துக்குக் கணக்கு ஒன்றும் இல்லாதபடியால் அவர் மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தார். எல்லாம் பங்கிட்டு முடிந்தபின் பார்த்தால் பதவி இல்லாமல் எஞ்சியவர் என் தகப்பனார் ஒருவர்தான். நாங்கள் அவரை ஐயா என்று கூப்பிடுவோம்.

"எல்லாரும் பதவியிலை இருந்தால் பொதுச்சபைக்கு ஆர் இருக்கிறது? நீர் இருப்பீரோ?" என்று தலைவர் கேட்டார்.

"ஓம்" என்றார் ஐயா.

கூட்டங்களை எங்கள் விறாந்தையில் வைக்கலாமோ என்று கேட்டார்கள். அதற்கும் ஓம். தேத்தண்ணீர்? அதற்கும் ஓம். அந்தத் தேத்தண்ணீரை ஊற்றியவள் நான். அதனால்தான் சங்கத்தின் நடவடிக்கைகள் அனைத்தும் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ஓம் இரண்டு வகை. சம்மதம் என்பது ஒன்று. நீ சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லு என்பது மற்றது. ஐயா வாழ்நாளெல்லாம் பாவித்தது இரண்டாவது ஓம். ஆனால் ஊர் முழுவதும் அதை முதலாவதாக எடுத்துக்கொண்டது. ஒருமுறை எங்கள் வேலியோரம் நின்ற நல்ல வைரப் பனையைப் பற்றி முன்வீட்டுப் பெரியப்பா வந்து கதைத்தார். அவர் ஐயாவின் ஒன்றுவிட்ட தமையன். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் அவர் வளவு, இந்தப் பக்கம் எங்கள் வளவு. தன் வீட்டுக் கூரை பழுதாய்ப் போனதையும், அதற்கு வைரமான மரம் தேவை என்பதையும், இந்தப் பனை எப்படிப் பொருந்தும் என்பதையும் விவரித்துக்கொண்டே போனார். ஐயாவும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா சந்தையால் வந்து பார்த்தபோது பனை நிலத்தில் கிடந்தது. அன்று அம்மா கதைத்த கதையில் இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு அறுந்தது. நான் சின்னப் பிள்ளையாயிருந்தபோது நடந்தது அது. நான் கலியாணப் பெண்ணாகியும் அறுந்தது ஒட்டவில்லை. பெரியப்பா இப்போது சங்கத்தில் ஓர் உபதலைவர். எங்கள் விறாந்தைக்கு வருவார், ஆனால் எங்களைப் பார்த்துக் கதைக்கமாட்டார். எல்லாவற்றையும் தலைவருக்கூடாகத்தான் சொல்வார்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் பேசி முடித்தபின் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொதுச்சபை என்ன சொல்லுது?" என்று கேட்பார். எல்லாத் தலையும் ஐயாவின் பக்கம் திரும்பும். "ஓம்" என்பார் ஐயா. "ஏகமனதாய் நிறைவேறிச்சுது" என்பார் தலைவர். பதவியில் இருப்பவர்கள் மண்வெட்டி பிடிப்பது முறையல்ல என்பதால், நிறைவேறியதை நிறைவேற்ற வேண்டியதும் பொதுச்சபைதான். குளத்தடி வாய்க்காலை ஐயா துப்புரவாக்கினார். சந்தி விளக்கை ஐயா ஏற்றினார். மடத்துக் கிணற்றை ஐயா இறைத்தார். அம்மாவுக்கு எரிச்சல் தாங்கமுடியாமல், "பொதுச்சபை, உந்த விறகையும் ஒருக்காக் கொத்தித் தாரும்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டா.

ஒழுங்கைக் கூட்டம் உச்சி வெயிலிலும் முடியவில்லை. ஒழுங்கையை அகலமாக்கப் பெண்ணின் தகப்பன் காணி கொடுக்கட்டும், பிறகு நான் கொடுக்கிறேன் என்று பெரியப்பா தலைவருக்குச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொடுப்பதே நீதி என்றார் ஒரு போஷகர். ஒரு முழமா, முக்கால் முழமா, யாருடைய முழம் என்று வாதம் போனது. எங்கள் ஊரில் வேலியைத் தள்ளி அடைப்பதை அரக்குவது என்போம். ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது அயலவன் காணிக்குள் விரல் அளவு அரக்குவது ஒரு கலை. அது தெரியாத ஆண்மகனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கடைசியில் தலைவர் தீர்மானத்தைக் கம்பீரமாகச் சொன்னார்: "ஒழுங்கையின் நன்மையைக் கருதி இரண்டு வேலியும் ஒரு முழம் அரக்கப்படவேணும். பொதுச்சபை என்ன சொல்லுது?"

"ஓம்."

ஐயா நல்ல நாள் பார்த்து எங்கள் வேலியைப் பிடுங்கி, ஒரு முழம் உள்ளே தள்ளிக் கதியால் தடிகளை நட்டுத் தென்னங்கிடுகு கட்டினார். வாழைப் பாத்தி ஒழுங்கைக்குப் போய்விட்டது. என் அறை யன்னலுக்கும் வேலிக்கும் இடையில் ஒரு வாழை மட்டும் மிஞ்சியது. மறுநாள் பெரியப்பா தன் வேலியைப் பிடுங்கினார். அவரும் சரியாக ஒரு முழம் அரக்கினார். ஆனால் வெளியே, எங்கள் பக்கமாக.

ஒழுங்கை முன்னிருந்த அகலத்திலேயே இருந்தது. இடம் மட்டும் மாறிவிட்டது.

அம்மா குதித்த குதியில் அவசரக் கூட்டம் கூடியது. பெரியப்பா அசையவில்லை. "தீர்மானத்திலை அரக்கவேணும் எண்டுதானே கிடக்கு? நான் அரக்கினன். எந்தப் பக்கம் எண்டு சங்கம் சொல்லேல்லையே" என்று தலைவரிடம் சொன்னார். தலைவர் கண்ணை மூடி யோசித்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தீர்மானம் முழுமையாக நிறைவேறியிருந்தது. சங்கத்தின் சரித்திரத்தில் பொதுச்சபையைத் தவிர வேறொருவர் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது அதுவே முதல்தடவை. அதற்காகப் பெரியப்பாவைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். பொதுச்சபையைக் கேட்டார்கள். கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயாவின் முகம் கொஞ்சம் சிவந்ததுபோல இருந்தது. ஆனாலும் ஓம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று தேத்தண்ணீருக்குச் சீனி போடவில்லை.

பிறகு ஒழுங்கையைப் பரீட்சித்தார்கள். தலைவர் ஒரு திருக்கலில் ஏறியிருந்து அதை ஓட்டுவித்தார். அது வழக்கம்போல இரண்டு பக்கமும் உரஞ்சிக்கொண்டு படலையடியில் வந்து நின்றது. "கார் எண்டது மாடில்லாத வண்டில்தானே. மாட்டோடையே வருதெண்டால் மாடில்லாமல் வராதோ?" என்றார் தலைவர். எல்லாரும் கைதட்டினார்கள். காரை அளந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கலியாணத்தன்று கார் ஊதிக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியது. நான் யன்னலடியில் நின்றேன். வேலி கிட்ட வந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது. கிடுகுகள் கரகரவென்று கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. கார் எங்கள் படலைக்குக் கொஞ்சம் இப்பால், இரண்டு வேலிக்கும் நடுவில் இறுகி நின்றுவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. இரண்டு பக்கத்துக் கதவும் திறக்காது. உள்ளே தலைப்பாகையோடு மாப்பிள்ளை. பக்கத்தில் தாய்மாமன். மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்கச் செம்போடு நின்ற என் சகோதரன் எந்தக் காலைக் கழுவுவது என்று தெரியாமல் காரின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேளகாரர் மட்டும் நிறுத்தாமல் வாசித்தார்கள்.

தாய்மாமன் கண்ணாடிக்கூடாகத் தலையை நீட்டினார். "சொன்ன சொல்லைக் காப்பாத்தாத சனத்தோடை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம். நாங்கள் திரும்பிப் போறம்!" என்று கத்தினார். எப்படித் திரும்பிப் போவது என்பதை அவர் சொல்லவில்லை. கோபத்தில் சாரதியை உதைத்தார். சாரதி காரை முறுக்கினான். காரில் புகை வந்தது, அவ்வளவுதான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கண்ணுக்குப் பூசிய மை கன்னத்தில் வழிந்தது. மாப்பிள்ளை தேர்வடத்தடியில் சிரித்ததுபோலச் சிரிக்கவில்லை. யன்னல் பக்கம் பார்த்தார். என்னைக் கண்டாரோ தெரியாது.

ஏதாவது ஒரு வேலியை வெட்டவேண்டும். ஆனால் யாருடைய வேலியை? பதவியாளர்கள் எல்லாரும் கலியாணத்துக்கு வந்திருந்தபடியால் தலைவர் அந்த இடத்திலேயே கூட்டத்தைக் கூட்டினார். காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். சூடு பொறுக்காமல் கையை எடுத்தார். எந்த வேலி வெட்டுப்படவேண்டும் என்று ஆராய ஓர் உபகுழு நியமிப்பது என்றும், உபகுழு முடிவு சொல்லும்வரைக்கும் கலியாணத்தை ஒத்திவைப்பது என்றும் ஒரு தீர்மானம் பிறந்தது. உபதலைவர்கள் வழிமொழிந்தார்கள். போஷகர்கள் தலையாட்டினார்கள்.

"பொதுச்சபை என்ன சொல்லுது?"

எல்லாத் தலையும் திரும்பியது. ஐயா புது வேட்டியும் சால்வையுமாகப் படலையடியில் நின்றார். காரைப் பார்த்தார். பிறகு வாழைக்கு மேலால் என் யன்னலைப் பார்த்தார். என் மை வழிந்த முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இல்லை" என்றார்.

மேளம் தானாக நின்றது. தலைவர் காது கேட்காதவர்போல மறுபடியும் கேட்டார். ஐயா, முதல் தடவையைவிடக் கொஞ்சம் உரத்து, "இல்லை" என்றார். இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன செய்வது என்பது சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. செயலாளர் உதவிச் செயலாளரைப் பார்த்தார். அவர் தன் உதவியைப் பார்த்தார்.

அப்போது பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் படலைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் கத்தி இருந்தது. எல்லாரும் பின்வாங்கினோம். அவர் தன் வேலிக்கு உள்பக்கமாக நின்று, காரின் கதவுக்கு நேரே, தன் வேலியைத் தானே வெட்டினார். கதியால் சரிய, கிடுகு விழுந்தது. கதவு திறந்தது. வேர்த்துக் கொட்டிக்கொண்டு தாய்மாமன் இறங்கினார். வாயைத் திறக்கப் போனவரைப் பெரியப்பா விடவில்லை.

"படலையடிக்குக் கார் வரவேணும் எண்டியள். இந்தா, காரடிக்குப் படலை வந்திட்டுது. இனியென்ன?"

தாய்மாமன் திறந்த வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை பெரியப்பாவின் வளவுக்குள் காலை வைத்தார். என் சகோதரன் ஓடிப்போய் அந்த இடத்திலேயே காலைக் கழுவினான். எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காத பெரியம்மா குசினியால் ஓடிவந்து, கையில் அகப்பட்ட தட்டத்தில் ஆலாத்தி சுற்றினா. மாப்பிள்ளை ஊர்வலம் அவர்களுடைய கிணற்றடியையும் மாட்டுக் கொட்டிலையும் சுற்றி, அவர்களுடைய படலையால் வெளியே வந்து, ஒழுங்கையைக் கடந்து, எங்கள் படலைக்குள் வந்தது.

பெரியப்பா கத்தியோடு ஐயாவின் முன்னால் வந்து நின்றார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு தலைவரை நடுவில் வைக்காமல் கதைத்தார்.

"தம்பி, உன்ரை வாயிலை ஒரு இல்லை இருக்கெண்டு தெரிஞ்சிருந்தால் நான் அந்தப் பனையையும் தறிச்சிருக்கமாட்டன், இந்த வேலியையும் அரக்கியிருக்கமாட்டன். முதலே சொல்லியிருக்கலாமே, சனியன்!"

ஐயா, "ஓம், ஓம்" என்றார். அது எந்த ஓம் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. பெரியப்பாவுக்கு விளங்கியிருக்கவேண்டும். அவர் ஐயாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு பந்தலுக்குள் வந்தார்.

தாலி கட்டுவதற்கு முதல் கலியாணப் பதிவு நடந்தது. விவாகப் பதிவுகாரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பிள்ளை, இந்தக் கலியாணத்துக்கு உமக்குச் சம்மதமோ?" என்று கேட்டார். இதற்கு எல்லாப் பெண்களும் ஒரு பதிலைத்தான் சொல்வார்கள். தலையைக் குனிந்துகொண்டு நானும் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஐயா.

"பிள்ளை, யோசிச்சுச் சொல்லு. இல்லை எண்டும் சொல்லலாம்" என்றார். தனக்கே அன்றுதான் தெரிந்த ஒன்றை எனக்குத் தராமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

தாய்மாமன் எழும்பினார். அம்மா ஐயாவின் கையில் கிள்ளினா. மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. குனிந்திருந்தாலும் அவர் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் தலையை நிமிர்த்தி ஐயாவைப் பார்த்தேன். அவர் உண்மையாகவே என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

ஐயா சொல்லச் சொன்னபடியே யோசித்தேன். பிறகு, ஒழுங்கை முழுவதும் கேட்க, "ஓம்" என்றேன்.