நினைச்ச சாமானம்

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. நாகர்கோவிலில் அந்த டாக்டர் என் மனைவியின் தலை ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, மறதி நோய் ஐம்பது வயதிலும் சிலருக்கு வருவதுண்டு என்று சொன்னபோது, "ஸார், எனக்க குறட்டைய முதல்ல மறக்க வைக்க வழி உண்டுமா?" என்று கேட்டவன் நான். டாக்டர் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். வெளியே வந்து காப்பியை என் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டேன். கை நடுங்கவில்லை, கப்புதான் கோணல் என்று வீடு வந்து சேரும் வரை அவளிடம் வாதாடினேன். நான் கேட்க நினைத்த கேள்வி வேறு. என்னை எப்போது மறப்பாள் என்பதுதான் அது.

மூளைக்கு வேலை கொடுங்கள், ஏதாவது விளையாடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்களுக்குத் தெரிந்த விளையாட்டு ஒன்றுதான். குலசேகரத்துப் பக்கம் நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது அதை நினைச்ச சாமானம் என்போம். ஒருவர் மனதில் எதையாவது நினைத்துக் கையைப் பொத்திக்கொள்ள வேண்டும். மற்றவர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பதில் ஆமா, இல்ல இரண்டே. கை திறந்தால் நினைத்தது பறந்துபோகும் என்பது சட்டம். கல்யாணமான பிறகும் பஸ்ஸில் அதை விளையாடித்தான் நாகர்கோவில் போய்ச் சேருவோம். அவள் கணக்கு டீச்சர். ஒவ்வொரு கேள்வியிலும் உலகத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டே வருவாள். தக்கலை தாண்டும் முன் நான் தோற்றிருப்பேன்.

இப்போது அவள் நினைக்க, நான் கேட்டேன். சக்கையில், அதாவது பலாப்பழத்தில், ஆரம்பிப்பாள், நடுவில் காப்பி கிளாசை எடுக்கக் கை திறக்கும், அதன் பிறகு வரும் பதில்கள் வேறு எதற்கோ உரியவை. அவளுக்கும் அது தெரியும், என் புருவத்தைப் பார்த்து.

"தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லட்டி. சக்கைக்கு நாலு காலு உண்டுன்னு எனக்குத்தான் இவ்வளவு நாளும் தெரியாம போச்சு."

கேலி செய்தால் முன்பெல்லாம் திருப்பிக் கொடுப்பாள். இப்போது கண் கலங்கினாள்.

தோகாவில் வேலை பார்க்கும் மகன் பேசுகிற உருண்டை ஒன்றை அனுப்பினான். கேள்வி கேட்டால் பதில் சொல்லும், விளையாடவும் செய்யும். அதற்குப் புருவம் இல்லை என்பதே பெரிய ஆறுதல். ஆனால் அது தன் இஷ்டத்துக்குக் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் நினைத்தது பனியில் வாழுமா என்பது. நாங்கள் இருக்கும் பேச்சிப்பாறையில் ஏது பனி? நம் கேள்விகளை நாமே போனில் எழுதிக் கொடுக்கலாம் என்று மகன் வீடியோவில் காட்டித் தந்தான். என் பெயிண்ட் கடையைச் சாத்திவிட்டு வந்து ஒற்றை விரலால் எழுதினேன். அறை என்று எழுதினால் அவள் யோசித்தாள். முறி என்று மாற்றினேன். எங்கள் பக்கத்தில் ஆமாவுக்கு ஓ என்பதுதான் வழக்கம். அவள் ஓ என்றால் உருண்டை, மன்னிக்கவும், புரியவில்லை என்றது.

"அப்பா, அதுக்கு ஓ போட்டா வெளங்காது. அம்மாவ ஆமான்னு சொல்லச் சொல்லுங்க."

"நீ அதுக்கு ஓ படிச்சுக்குடு மக்கா. அம்மா இனி புதுசா ஒண்ணும் படிக்க மாட்டா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த நாள் உருண்டைக்கு ஓ விளங்கியது.

கேள்விகளை எழுதியவன் நான் என்பதால் கள்ளத்தனமும் செய்தேன். ஆள் என்று ஒருமுறை அவள் சொல்லிவிட்டால் போதும், எல்லாக் கேள்வியும் என்னை நோக்கியே வரும்படி வைத்தேன். மீசை உண்டா? தேவைக்கு மேல் பேசுவாரா? குறட்டை விடுவாரா? தினமும் சாயங்காலம் அவள் கையைப் பொத்தும்போது பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவனைப் போல நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். அவளோ குடையை நினைப்பாள், தோசைக்கல்லை நினைப்பாள். ஒரு வாரம் விடாமல் சக்கை. ஒரு பழத்தின் மேல் எனக்கு இவ்வளவு பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே இருந்தேன்.

"அது ஆளா?" என்றது உருண்டை.

"ஓ."

"மீசை உண்டா?"

"ஓ."

"தேவைக்கு மேல் பேசுவாரா?"

"வாய மூட மாட்டாவ," என்று சிரித்தாள். உருண்டை திரும்பக் கேட்டது. "ஓ, ஓ," என்றாள்.

குறட்டைக்கும் ஓ. பொத்திய கை மடியிலேயே இருந்தது, கொஞ்சமும் தளரவில்லை. என் நெஞ்சு அடித்த சத்தத்தை உருண்டை பதில் என்று எடுத்துக்கொள்ளுமோ என்று பயந்தேன்.

கடைசிக் கேள்வி குடைக்கும் தோசைக்கல்லுக்கும் என்று நான் வைத்தது. ஆளை நினைத்தால் அது வராதபடி நீக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இப்போது இந்த முறிக்குள் இருக்கிறதா?"

அவள் நிதானமாகச் சுற்றிப் பார்த்தாள். கட்டில், அலமாரி, நான், சன்னல்.

"இல்ல," என்றாள்.

"உங்கள் வீட்டுக்காரரா?"

"ஓ!" கையைத் திறந்து தட்டினாள். உருண்டையும் கைதட்டல் சத்தம் போட்டது. நானும் தட்டினேன், வேறு என்ன செய்ய.

பிறகு நான் செய்ததைப் பைத்தியக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். அடுக்களை வழியாக வெளியே போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தேன். தலையைக் கோதி மீசையைச் சரிசெய்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன் மாதிரி பெல்லை அடித்தேன். வெளியே போனவர் திரும்பி வந்தால் தெரியாமலா போகும் என்பது என் கணக்கு.

அவளே கதவைத் திறந்தாள். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு வரும் பெற்றோரிடம் சிரிக்கிற சிரிப்பு அது, எனக்குத் தெரியும்.

"பெயிண்டு எடுக்க வந்ததா? இரிங்க. எங்க அவிய இப்ப வந்திருவாவ."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வேர்த்துப் போச்சே உங்களுக்கு," என்று அவள் ஃபேனைக் கூட்டி வைத்தாள்.