விஸ்வநத்தத்தில் வீடு பார்த்தோம்

இடமாறுதலில் எனக்கும் கணவருக்கும் சிவகாசிப் பக்கம் பள்ளிகள் கிடைத்திருக்கின்றன. இரண்டு பிள்ளைகளோடு எங்கே குடியேறுவது என்று ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு.

இன்று விஸ்வநத்தத்தில், என் பள்ளிக்கு அடுத்த தெருவில், ஒரு வீடு பார்த்தோம். நல்ல காற்று, வாசலிலேயே தண்ணீர்.

வீட்டுக்காரம்மா மாரியம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்.

“போன வருசம் கம்பெனி வெடிச்சதுல என் தங்கச்சி போயிட்டா, டீச்சர். அவ மக உங்க பள்ளிக்கூடத்துலதான் நாலாப்பு படிக்கா. எங்கயாச்சும் வெடிச்சத்தம் கேட்டா பெஞ்சுக்கு அடியில போயி உக்காந்துக்கிடுதா. டீச்சர்மாரு எல்லாரும் சாயங்காலம் பஸ் ஏறிருதாக. நீங்க பக்கத்துல இருந்தீகன்னா புள்ளைக்கு ஒரு தெம்பு.”

என் மகள் அந்த வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“விருதுநகர்ல பார்க்கலாம்னு இருக்கோம்மா,” என்றேன். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்; வெடிச்சத்தம் அங்கே எட்டாது.

அவர் கோபப்படவில்லை.

“அதுவும் சரிதான், டீச்சர். முடிஞ்சா நானும் புள்ளையத் தூக்கிக்கிட்டு அங்கன வந்துருவேன்,” என்று சொல்லிவிட்டு, எங்களுக்குக் காபி போடப் போனார்.

மாலையே விருதுநகரில் ஒரு வீட்டைப் பேசி முடித்துவிட்டோம்.

திங்கட்கிழமை முதல் நாலாம் வகுப்பு எனக்குத்தான். புது டீச்சரிடம் பிள்ளைகள் முதலில் கேட்பதே, “உங்க வீடு எங்கன இருக்கு டீச்சர்?” என்பதுதான்.

பாடமெல்லாம் தயார். இதற்கு மட்டும் பதில் இல்லை. தெரிந்த டீச்சர்கள் யாராவது சொல்லுங்களேன்.